இரவல் முதலாளி

இன்ஷாப் நல்ல மனிதன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் அவனைப் பற்றி வேறு மாதிரி நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

திருகோணமலையில் ஜெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. என் பெயர் நௌபர். காலையில் மான்கள் வந்து வாசலில் கிடக்கும் வாழைப்பழத் தோலைத் தின்றுவிட்டுப் போகும். அவை போனபிறகு இன்ஷாப் வருவான். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மட்டை என் மேசையில் வைத்து, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு எழும்பினானென்றால் அன்று பொழுதுபடும்வரை அவனுடைய வாய் ஓயாது. கடலைப் பார்க்க வரும் கூட்டங்களை வேனை விட்டு இறங்கும்போதே மறித்து, கதைத்து, சிரிக்கவைத்து, கடைசியில் ஏதாவதொரு போட்டில் ஏற்றி அனுப்பிவிடுவான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் என்று யாராக இருந்தாலும் சரி. அவனுக்கென்று சொந்தமாக ஒரு போட் கிடையாது. ஒரு துடுப்புக்கூடக் கிடையாது.

ஆனால் வருகிறவர்களிடம் அதைச் சொல்லமாட்டான். அவன் மட்டுமல்ல, இந்தக் கரையில் ஆள் பிடிக்கிற எவனும் சொல்லமாட்டான். வெளியூர்ச் சனத்துக்கு இடையில் நிற்கிற ஆளைக் கண்டாலே ஆகாது. தரகன் என்று தெரிந்தால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். ஆகவே பேச்சுத் தொடங்கியதிலிருந்து போட் திரும்பி வரும்வரை ஆள் பிடிப்பவன்தான் முதலாளி. போட்டின் உண்மையான சொந்தக்காரர் கூலியாள் மாதிரி எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பார். சனம் போனபிறகு இரண்டு பேரும் என் கடைக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, அவரவர் வேசத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. எனக்கும் இருந்ததில்லை.

இன்ஷாப் கூடுதலாகக் கூட்டம் ஏற்றுவது கதிராமன் அண்ணனுடைய போட்டில்தான். அவர் சாம்பல்தீவு ஆள். இன்ஷாப்பைவிட வயதில் மூத்தவர். இன்ஷாப் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசமாட்டார். பைபர் போட். அதன் மூக்கில், அணியம் என்று சொல்வார்களே அந்த இடத்தில், லதுசா என்று மகளின் பெயரை நீல நிறத்தில் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த அணியத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், கட்டுவார். அங்கே செருப்போடு ஒருவரும் மிதிக்கக்கூடாது. மற்றதெல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கிற மனிதர் அதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். வெள்ளைக்காரனாக இருந்தாலும் கையைக் காட்டிக் கழற்றவைத்துவிட்டுத்தான் ஏற்றுவார்.

லதுசாவும் இன்ஷாப்பின் மகள் அசனாவும் டவுனில் ஒரே டியூஷனுக்குப் போனவர்கள். பெருநாள் என்றால் கிண்ணியாவிலிருந்து சாம்பல்தீவுக்குச் சாப்பாடு போகும். பொங்கல் என்றால் அங்கிருந்து கிண்ணியாவுக்கு வரும். இன்ஷாப் அவரை "அண்ணன்" என்பான், அவர் இவனைத் "தம்பி" என்பார். இத்தனை வருசத்தில் வேறு மாதிரிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

போன வருசம் சீசன் நேரத்தில் கந்தளாயிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அரிசி ஆலை வைத்திருக்கும் ஸுஹைர் ஹாஜியார் தன்னுடைய ஆலையில் வேலை செய்கிறவர்களையெல்லாம் ஒரு நாள் கடல் காட்டவென்று கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இன்ஷாப் வழக்கம்போல முன்னால் போய் நின்றான்.

"என்ட சொந்தப் போட் ஹாஜியார், யோசிக்காம ஏறுங்க" என்றான்.

கதிராமன் அண்ணன் வழக்கம்போல எஞ்சினடியில் குந்தினார். கடலும் அன்றைக்குக் குளம் மாதிரிக் கிடந்தது. டொல்பின் கூட்டமொன்று போட்டோடு சேர்ந்தே ஓடியதாம். திரும்பி வந்தபோது ஹாஜியாருக்கு முகம் கொள்ளாத சந்தோசம். என் கடைக் கதிரையில் உட்கார்ந்து இன்ஷாப்பை ஊர், குடும்பம், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எனக்கு அப்போதே ஏதோ விளங்கியது. போட்டுக்கு வந்தவன் வீட்டுக் கதை கேட்டால் அவனிடம் கலியாண வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம்.

இருந்தது. அர்ஷாக் என்று பெயர், படித்த நல்ல பொடியன். கொஞ்ச நாளில் ஹாஜியாரே இன்ஷாப்புக்குப் போன் எடுத்து, பெண் கேட்டு வரலாமா என்று கேட்டார். வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. "எங்களுக்கு வேறொண்டும் தேவல்ல. சொந்தமா, நேர்மையாத் தொழில் செய்யிற குடும்பம். அது போதும்" என்று ஹாஜியார் சபையில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் இன்ஷாப் என் கடையில் பிளேன்டீயைக் குடிக்காமலே ஆறவிட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், இப்ப சொல்லவா, பொறகு சொல்லவா?"

"இப்பவே சொல்லு. இப்ப சொன்னாச் சிரிச்சிட்டு விட்டுருவார்" என்றேன்.

"சிரிக்காட்டி?"

ஆறிய பிளேன்டீயை எடுத்து ஊற்றிவிட்டு வேறொன்று போட்டு வைத்தேன். அசனாவும் உடனே சொல்லிவிடச் சொன்னாளாம். "வாப்பா, சொல்லிருங்க. பொறகு தெரிய வந்தா எனக்குத்தானே வெக்கம்." அவன் மகளின் தலையைத் தடவிவிட்டு, நிக்காஹ் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறான். பேசி நிச்சயமான கலியாணம் நின்றுபோனால் பெண்ணுக்கு என்ன பெயர் வரும் என்பது எங்களுக்குத் தெரியாததா? பிழை வாப்பாவில் இருந்தாலும் கதை மகளைத்தான் சுற்றும். அந்தப் பயத்தில்தான் அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடியது அந்த ஒரே விசயத்தில்தான்.

இந்த வருசம் நிக்காஹ்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஹாஜியார் மறுபடி போன் எடுத்தார். "சம்பந்தி, கலியாணத்துக்கு முதல் குடும்பத்தோட ஒரு நாள் உங்கட போட்டில போகணும். என்ட மனிசி போன முறை வரல்ல, அவவும் வாறா." பெண் வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டுக்கு இதற்கு என்ன சாக்குச் சொல்ல முடியும்? எஞ்சின் பழுது என்றால் எப்போது திருத்துவீர்கள் என்று கேட்பார். வேறு போட்டில் போகலாம் என்றால் உங்கள் போட் எங்கே என்று கேட்பார். அதே போட்தான் வேண்டும். அதே கூலியாளும் வேண்டும்.

என் கடையில் வைத்துத்தான் இன்ஷாப் கதிராமன் அண்ணனிடம் கேட்டான். கேட்கும்போது மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அதுக்கென்ன தம்பி, வழமையாச் செய்யிறதுதானே" என்றார் அவர். "அசனாட காரியம். நான் பாத்துக்கொள்ளுறன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நானும் அடங்கிவிட்டேன்.

அந்த நாள் காலையில் சமையலுக்கென்று என்னையும் வரச்சொன்னார்கள். சட்டி பானைகளோடு ஜெட்டிக்குப் போனபோது கதிராமன் அண்ணன் தனியாக நின்று போட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அணியத்தைப் பார்த்தேன். சந்தனம் இல்லை. குங்குமம் இல்லை. தேசிக்காய் கட்டியிருந்த நூலும் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. வருசக்கணக்காகச் சந்தனம் இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது. அவருடைய நெற்றியைப் பார்த்தேன். அங்கேயும் திருநீறு இல்லை.

"என்ன அண்ணன் இது?"

"போன முறை வாடகைக்கு வந்தவை கேக்கேல்ல, இப்ப சம்பந்தக்காரரெல்லோ. அவையள் பாத்திட்டு என்ன ஏதெண்டு கேட்டாத் தம்பிக்கு மறுமொழி சொல்லக் கஷ்டம். பின்னேரம் வந்து வைப்பன்" என்றார்.

"இன்ஷாப் துடைக்கச் சொன்னவனா?"

"சீச்சீ. அவர் ஒண்டும் சொல்லேல்ல. நானாத்தான் செய்தனான்."

என்னால் அவருடைய நெற்றியைப் பார்க்க முடியவில்லை. எங்களுக்காக ஒரு மனிதன் தன்னுடைய சாமியைத் துடைத்துவிட்டு வந்து நிற்கிறான். சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போய்க் குந்திவிட்டேன். சிறிது நேரத்தில் இன்ஷாப் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் கண்ணாடி. அணியத்தைப் பார்த்தான், கதிராமன் அண்ணனைப் பார்த்தான், கண்ணாடியை மாட்டிக்கொண்டான். 

வேன் வந்தது. ஹாஜியார், மனைவி ஸுல்பிகா, மகன் அர்ஷாக், கலியாணம் முடித்த மகளும் அவளுடைய சின்னப் பிள்ளைகளும். ஹாஜியார் முதல் ஆளாக வந்து தோல் செருப்போடு அணியத்தில் கால் வைத்து ஏறினார். போன வருசம் வாடகைக்கு வந்தபோது இதே மனிதர் இதே இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தவர். இப்போது சம்பந்தியின் போட் அல்லவா, கழற்றத் தேவையில்லை. கதிராமன் அண்ணனின் கை பழக்கத்தில் பாதிக்கு உயர்ந்தது. பிறகு தானாகவே இறங்கியது.

ஸுல்பிகா கடைசியாக வந்தார். ஜெட்டி விளிம்பிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அணியத்தில் வெளுத்திருந்த வட்டத்தைச் சற்றுப் பார்த்தார். பிறகு கதிராமன் அண்ணனைப் பார்த்து, "ஏறட்டா?" என்று கேட்டார்.

"ஏறுங்க, ஏறுங்க, உங்கட போட்தானே" என்று இன்ஷாப் முந்திக்கொண்டான்.

போட் உட்துறையைக் கடந்து போனது. மாவு ஆலைக்கு வந்த கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. நேவிக்காரர்கள் தூரத்திலிருந்து கை காட்டினார்கள். இன்ஷாப் நடுவில் நின்று ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சில் அவனை அடிக்க ஆளில்லை.

"அது சரி சம்பந்தி, லதுசா ஆரு?" என்று ஹாஜியார் கேட்டார்.

இன்ஷாப் அணியத்தைத் திரும்பிப் பார்த்தான். "நான் வாங்கக்குள்ளயே இருந்த பேர் ஹாஜியார். போட்டுக்குப் பேர மாத்தினாக் கூடாதெண்டு சொல்லுவாங்க, அப்பிடியே விட்டுட்டன்."

"ஓம் ஹாஜியார், மாத்தக்கூடாது" என்று கதிராமன் அண்ணன் எஞ்சினடியிலிருந்து கைகொடுத்தார். பெற்ற மகளின் பெயரை யாரோ வைத்த பெயராக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார்.

குடாவின் ஓரத்தில் ஒரு சின்ன மணல்கரையில் இறங்கினோம். நான் மீனைப் பொரித்தேன், வீட்டிலிருந்து இன்ஷாப்பின் மனைவி ஷாமிலா கொடுத்துவிட்ட புரியாணியை அவன் பரிமாறினான். கதிராமன் அண்ணன் போட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் தனியாக இருந்தார். மற்ற நாட்களில் கூட்டங்களோடு போகும்போதுகூட இன்ஷாப் முதல் சோற்றுக் கோப்பையைப் போட்டு அவரிடம்தான் கொண்டுபோவான். அன்றைக்குப் போகவில்லை. நான்தான் கொண்டுபோனேன்.

"தம்பி சாப்பிட்டாரோ?" என்று கேட்டார்.

தம்பி நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு, ஓம் என்று மட்டும் சொன்னேன்.

சாப்பாடு முடிந்ததும் ஹாஜியார் கதிராமன் அண்ணனைக் கூப்பிட்டுச் சட்டிகளைக் கழுவச் சொன்னார். குடையை வேனில் விட்டுவிட்டு வந்ததால் பேரப்பிள்ளைக்கு நிழலாகத் துணி பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். ஹாஜியார் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். ஆலையில் ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பழகிய வாய் அது, அவ்வளவுதான். "ஆக்கள இப்பிடிச் சும்மா இருக்க விடக்கூடாது சம்பந்தி, பொறகு தலையில ஏறிருவானுகள்" என்று இன்ஷாப்புக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். இன்ஷாப் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை, ஆனாலும் சிரித்தான். ஸுல்பிகா மட்டும் எழும்பி வந்து, கதிராமன் அண்ணனின் கையிலிருந்த சட்டியை வாங்கித் தானே அலசினார்.

பின்னேரம் திரும்பிவரும் வழியில் ஹாஜியாருக்கு டொல்பின் ஞாபகம் வந்தது. போன முறை பார்த்ததை மனைவிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் காட்டவேண்டும். குடாவின் வாய்க்கு வெளியே, பெருங்கடலுக்கு விடச் சொன்னார்.

"இப்ப ஏலாது ஹாஜியார்" என்றார் கதிராமன் அண்ணன். "கச்சான் பிடிச்சிட்டுது. வெளியில கடல் குழம்பிக் கிடக்கு. சின்னப் பிள்ளையளும் நிக்கினம்."

கச்சான் காற்று பிடித்தால் என்னவென்று கரையில் நிற்கிற எங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்ஷாப்புக்கும் நன்றாகத் தெரியும். அப்படியான நேரத்தில் வரும் கூட்டங்களை அவனே எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறான்.

ஹாஜியார் அவனைப் பார்த்தார். "என்ன சம்பந்தி, உங்கட ஆள் உங்களக் கேக்காமலே முடிவெடுக்கிறான்? என்ட ஆலையில எண்டா இண்டைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவன்."

எல்லோரும் இன்ஷாப்பைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தான். இன்ஷாப் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டான்.

"கதிராமா" என்றான்.

 அண்ணன் என்ற சொல் எங்கே போனது?

"ஹாஜியார் சொல்றது காதில விழல்லயா? வெளியில விடு. போட் என்டயா, உன்டயா?"

 கதிராமன் அண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பார்த்தது காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"உங்கடதான் முதலாளி" என்றார்.

போட்டைத் திருப்பினார். வாய்க்கு வெளியே மூக்கு நீட்டியதும் முதல் அலை போட்டைத் தூக்கிப் போட்டது. இரண்டாவது அலையில் எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். பிள்ளைகள் வீரிட்டு அழுதன. ஹாஜியார் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.  இன்ஷாப்பும் பிடித்துக்கொண்டான்.

"போதும், திருப்புங்க அண்ணன்" என்றார் ஸுல்பிகா. "டொல்பின இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

கதிராமன் அண்ணன் உடனே திருப்பினார்.  காலையில் சந்தித்த ஒரு அந்நியப் பெண் அவரை அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டார். நான் இன்ஷாப்பின் முகத்தைப் பார்க்காமல் சட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கரையில் ஹாஜியாரும் மற்றவர்களும் ஈரத்தோடு வேனுக்குப் போனார்கள். ஸுல்பிகா பின்தங்கினார். நான் சட்டி பானைகளோடு பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் கண்டும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"சம்பந்தி, நான் கந்தளாய்க்கு வாக்கப்பட்டவள். பொறந்தது புல்மோட்டையில. எங்கட வாப்பாவும் போட் வச்சிருந்தவர்."

இன்ஷாப் விளங்காதவன் மாதிரி நின்றான்.

"இந்தப் போட் ஆர்ர எண்டு ஏறக்குள்ளயே எனக்குத் தெரியும். அவர் அந்த அணியத்தப் பாத்த பார்வையிலயே தெரியும். உங்களுக்குப் போட் இல்லாட்டி எங்களுக்கென்ன? நாங்க போட்டயா எடுக்கிறம்? உங்கட மகளத்தானே எடுக்கிறம். அசனா தங்கமான புள்ள."

"மச்சி, ஹாஜியாருக்கு..."

"ஹாஜியாருக்கு நான் சொல்ல மாட்டன். சொல்ல வேண்டியவர் நீங்க." செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தார். "ஒண்டு மட்டும் கேக்கிறன். கலியாணத்துக்கு அந்த மனிசனக் கூப்பிடுவீங்கதானே? என்னெண்டு சொல்லிக் கூப்பிடுவீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். 

கதிராமன் அண்ணன் நல்ல தண்ணீர் ஊற்றி அணியத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வைத்திருந்தார். இன்ஷாப் போய் அவர் முன்னால் நின்றான். "அண்ணன்" என்றான். 

"விடுங்கோ தம்பி. தொழில்ல கதைக்கிறதுதானே" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சந்தனத்தைத் தொட்டார். வைத்த பொட்டு வெளுத்த வட்டத்துக்குள் விழாமல் விலகி விழுந்ததை நானும் கண்டேன், அவனும் கண்டான்.

அதற்குப் பிறகு இன்ஷாப் சில நாள் கரைப்பக்கம் வரவில்லை. வந்தபோது நான் நன்றாகக் கொடுத்தேன். "உனக்கு வெக்கமில்லையா? அந்த மனிசன்ட சோத்தத் திண்டு வளந்த வாய்தானே அது?" என்றேன்.  நிக்காஹ்வுக்கு முதல் ஹாஜியாரிடம் எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றான். ஷாமிலாவையும் கூட்டிக்கொண்டு சாம்பல்தீவுக்குப் போய்க் கலியாணத்துக்குச் சொல்லிவிட்டு வந்தான். ஆனால் ஹாஜியாருக்குப் போன் எடுக்க எடுத்த கை ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக்குத் தள்ளிப் போட்டது. நிக்காஹ் நாளும் வந்துவிட்டது.

கிண்ணியாவில் பெண் வீட்டில்தான் கலியாணம். பந்தல் நிறையச் சனம். நிக்காஹ் முடிந்து, பாய் விரித்து, சாப்பாட்டுக்கு ஆட்கள் வட்டமாக இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெரிய தட்டமான சஹனைச் சுற்றியிருந்து எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவது. அதற்கு முதல் வீட்டுக்காரர் செம்பும், கழுவிய தண்ணீர் விழும் படிக்கமும் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடவேண்டும். கதிராமன் அண்ணனுக்கென்று மாட்டிறைச்சி படாத கோழிச் சஹன் ஒன்றை இன்ஷாப் காலையிலேயே சொல்லி வைத்திருந்தான். முன்வரிசையில் ஹாஜியாருக்குப் பக்கத்தில் இடமும் விட்டு வைத்திருந்தான். அந்த இடம் காலியாகவே கிடந்தது.

"வரல்ல போல" என்றான் என்னிடம். அவன் முகத்தில் ஏமாற்றமும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

வந்திருந்தார். வெள்ளை வேட்டி சேட்டோடு பின்வாசலால் வந்திருக்கிறார். ஷாமிலாவிடம் பரிசைக் கொடுத்துவிட்டு, குசினிப் பக்கம் போய்ச் செம்பையும் படிக்கத்தையும் எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தார். நெற்றியில் திருநீறு இல்லை. யாரும் அவரை அந்த வேலையைச் செய்யச் சொல்லவில்லை. ஹாஜியார் தன்னை எந்த ஆளாக அறிவாரோ அந்த ஆளாகவே வந்துவிட்டார்.

வரிசையாகக் குனிந்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். "ஆ, கதிராமன், வந்திட்டியா" என்று ஹாஜியார் கையை நீட்டினார். அவருக்கும் ஊற்றினார். பிறகு பக்கத்தில் நின்ற இன்ஷாப்பிடம் வந்தார்.

"கைய நீட்டுங்கோ முதலாளி."

இன்ஷாப் அவருடைய வெறும் நெற்றியைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. செம்பையும் படிக்கத்தையும் பறித்துக்கொண்டான்.

"இருங்க அண்ணன்" என்று அவருடைய தோளைப் பிடித்து அந்தக் காலி இடத்தில் இருத்தினான். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பினான்.  "ஹாஜியார், போட் என்டயில்ல. இவர்ர. நான் அவருக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிறவன். இவர் என்ட ஆளில்ல. என்ட அண்ணன்."

  ஹாஜியார் இவனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மாப்பிள்ளை அர்ஷாக் மாலையோடு திரும்பிப் பார்த்தான்.

கதிராமன் அண்ணன் சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"முதலாளிக்கு இண்டைக்குச் சந்தோசத்தில என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்ல ஹாஜியார்" என்றார். "வேலைக்காரனுக்குப் போட்டையே எழுதித் தாறார். நான் வேண்டாமெண்டு சொல்லுவனோ?"

ஹாஜியாரும் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "பாத்தீங்களா, இதுதான் எங்கட சம்பந்தி" என்று ஹாஜியார் மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். "வேலையாள அண்ணன் எண்டு சொல்ற மனசு ஆருக்கு வரும்?"

இன்ஷாப் மறுபடி வாயைத் திறந்தான். கதிராமன் அண்ணன் மெதுவாக அவனுடைய முழங்கையைத் தொட்டார். பெண்கள் இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே கதவு நிலையில் அசனா மணப்பெண் உடுப்போடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊத்துங்கோ தம்பி" என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில். கையை நீட்டினார்.

இன்ஷாப் குனிந்து ஊற்றினான். கை நனைந்து, கழுவி முடிந்து, படிக்கம் நிரம்பி, புதுப் பாயில் வழிந்தது. அவன் நிறுத்தவில்லை. செம்பு வெறுமையாகும்வரை கதிராமன் அண்ணன் கையை எடுக்காமல் பொறுத்துக்கொண்டிருந்தார்.